ஏழாங் கட்டை

உள்ள வாங்க தம்பி. செருப்பு அங்கயே கிடக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாங்க. திருநெல்வேலியில இருந்து பஸ்லயா? நின்னுக்கிட்டேவா வந்தீங்க? அடப் பாவமே. உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுல ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க, பெட்டிக்குப் பக்கத்துல. ஆமா, ஆர்மோனியப் பெட்டிதான். அது விக்கிறதுக்கு இல்ல. அது எங்க அப்பா எனக்குக் குடுத்தது.

கிட்டார் கட்டில் மேல கிடக்கு, பாருங்க. தொட்டுப் பாருங்க, ஒண்ணும் செய்யாது. கம்பி போன மாசம்தான் மாத்துனேன். நானேதான் மாத்துனேன், வேற யாரு மாத்துவா? இந்தா, என் விரல் நுனியப் பாருங்க. காய்ச்சுப் போயிருக்குல்ல? அறுபத்தோரு வயசுல இப்படி ஆச்சு. இப்பல்லாம் மீன் முள்ளு குத்தினாக்கூட எனக்குத் தெரியறதில்ல.

விலையெல்லாம் அப்புறம் பேசுவோம். விளம்பரம் போட்டது என் மக லிவியா. கோயம்புத்தூர்ல இருக்கா. போனை எடுத்தா இதே பேச்சு. அப்பா சாமானை எல்லாம் குடுத்துருங்கம்மா, அதுக வீட்ல இருக்கிற வரைக்கும் நீங்க தேற மாட்டீங்க. நான் என்ன காய்ச்சல்ல படுத்தா கிடக்கேன், தேறுறதுக்கு? சரின்னு சட்டையைக் குடுத்தேன், சைக்கிளைக் குடுத்தேன், மூக்குக் கண்ணாடியைக்கூட ஆஸ்பத்திரி தானப் பெட்டியில போட்டேன். கிட்டார்தான் போக மாட்டேங்குது. உங்களுக்கு முன்னாடி நாலு பேர் வந்தாங்க. பாத்தாங்க, உக்காந்தாங்க, போயிட்டாங்க. அவங்களுக்குப் பொறுமை இல்ல. நீங்க பொறுமையான ஆளாத் தெரியுறீங்க.

மணி என்ன? நாலே முக்காலா. நல்லது. காப்பி குடிங்க. மக்ரூனும் எடுத்துக்கோங்க, தூத்துக்குடிக்கு வந்துட்டு மக்ரூன் தின்னாமப் போவீங்களா? அஞ்சு மணிக்கு ஒரு சத்தம் கேக்கும். பயந்துராதீங்க. முன்னாடி வந்தவங்ககிட்ட நான் விவரம் சொல்லல, அதான் தப்பாப் போச்சு. உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிருறேன்.

என் வீட்டுக்காரர் பேரு கஸ்பார். கஸ்பார் மச்சாது. துறைமுகத்துல டாலி கிளார்க்கா இருந்தாக, கப்பல்ல இருந்து மூட்டை இறங்க இறங்கக் கோடு போடுற வேலை. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆப்பரேட்டர். ரெண்டு பேரும் ஒரே வருஷம் வேலையை விட்டு வந்தோம். அவுக கோயில்ல பாடகர் குழுவுல கிட்டார். முப்பத்திரண்டு வருஷம், பாத்துக்கோங்க. தெரிஞ்சது மூணே மூணு கார்டு, அதான் சுரங்களைச் சேத்து அமுக்குற பிடி. அந்த மூணை வச்சே ஞானஸ்நானத்துல இருந்து அடக்கப் பூசை வரைக்கும் எல்லாத்தையும் ஓட்டிருவாக. நான் கேலி பண்ணுவேன். சிரிச்சுக்குவாக. அவுகளுக்குக் கோவமே வராது. அது ஒரு வியாதி.

அப்புறம் கோயிலுக்கு ஒரு கீபோர்டு வந்துச்சு. கூடவே ஒரு புது மாஸ்டரும் வந்தான். பட்டனை அமுக்குனா கொட்டு வருது, வயலின் வருது, கிட்டாரும் அதுலயே வருது. அந்த வருஷம் ஈஸ்டர் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை, எல்லாரும் இருக்கும்போதே அவன் சொன்னானாம். அங்கிள், நீங்க ரொம்ப வருஷம் வாசிச்சுட்டீங்க, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க, தேவைப்பட்டாக் கூப்பிடுறோம்.

கூப்பிடவே இல்ல.

அவுக வீட்டுக்கு வந்து கிட்டாரை அந்த மூலையில சாத்தி வச்சாக. நாலு நாள் அதைத் தொடவே இல்ல. மீனை வச்சா சாப்பிடுவாக, தண்ணியை வச்சாக் குடிப்பாக. அஞ்சாம் நாள், மே மாசம் ஒண்ணாந் தேதி, "ஏ பெலிசி, நான் மோடு கத்துக்கப் போறேன்"னாக. பெலிசிட்டான்னு பேரு எனக்கு. அவுகளுக்குப் பெலிசி.

"மோடுன்னா என்ன?"ன்னேன்.

போனைக் காட்டுனாக. அதுல எவனோ ஒருத்தன், தாடி வச்சவன், கிட்டாரை வச்சுக்கிட்டு என்னென்னவோ பேசுறான். அயோனியன், டோரியன், பிரிஜியன், லிடியன்... எனக்கு பைபிள்ல சின்னப்பர் நிருபம், அதான் கடுதாசி, எழுதுன ஊர்க்காரங்க பேரு மாதிரி இருந்துச்சு. மொத்தம் ஏழாம். "மூணு கார்டு வச்சிருந்தவன்தானன்னு ஒதுக்கிட்டான்ல? ஏழையும் கத்துக்கிட்டு கிறிஸ்துமஸுக்குக் கோயில்ல போய் உக்காந்து வாசிச்சுக் காட்டுறேன். அப்பச் சொல்லட்டும் ரெஸ்ட் எடுன்னு." அம்பத்தெட்டு வயசு அப்ப. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அவுக கண்ணைப் பாத்துட்டு சிரிக்கல.

விசயம் என்னன்னா தம்பி... உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், நீங்க கிட்டார் வாங்க வந்த ஆளு. இருந்தாலும் எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்றேன். ஏழு மோடுக்கும் புதுசா ஒரு சுரம் கிடையாது. பெட்டியில இருக்குற வெள்ளைக் கட்டைதான் எல்லாம். அதே ஏழு. ஆனா கீழ ஒரு சுரம் விடாம ஒலிச்சுக்கிட்டே இருக்கணும். எந்தச் சுரம் கீழ ஒலிக்குதோ அதுதான் வீடு. ஒண்ணாங் கட்டை ஒலிச்சா ஒரு மோடு. அதே விரல், அதே வாசிப்பு, கீழ ரெண்டாங் கட்டை ஒலிச்சா வேற மோடு. அப்படியே ஏழு வரைக்கும். கீழ ஒண்ணுமே இல்லாம வாசிச்சா எல்லாம் ஒண்ணு போலத்தான் கேக்கும். தாடிக்காரன் போன்ல இதைப் படிச்சுப் படிச்சுச் சொன்னான்.

அதனால யாராவது ஒரு ஆள் கீழ்ச் சுரத்தைப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். வீட்ல இருந்த ஆள் நான்தான்.

இங்கதான் எனக்கு வயிறு எரியும். எங்க அப்பா உபதேசியார், கோயில்ல ஜெபமும் பாட்டும் சொல்லிக் குடுக்குறவரு. பதினாறு வயசுல நான் இந்தப் பெட்டியில பன்னண்டு பாட்டு வாசிப்பேன். ரெண்டு கையும் பின்னியெடுக்கும். கல்யாணத்துக்குப் பெட்டியையும் கூட அனுப்பினாரு. வந்த நாள்ல இருந்து இது மேல என்ன இருந்துச்சு தெரியுமா? இஸ்திரிப் பெட்டி. வேலை, பிள்ளை, மாமியார், மறுபடி வேலை. ஒரு நாள்கூட அவுக, பெலிசி நீ ஒரு பாட்டு வாசின்னு கேட்டதில்ல. முப்பது வருஷம் கழிச்சுத் திறக்கச் சொல்றாக. எதுக்கு? ஒரே ஒரு கட்டையை அமுக்கிப் பிடிக்க!

பிடிச்சேன். தினம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு உக்காருவோம். ஆறு மணிக்குக் கோயில்ல திருந்தாதி மணி அடிக்கும், எந்திரிச்சு நின்னு ஜெபம் சொல்லிட்டு முடிச்சுக்குவோம். நான் இப்ப நீங்க இருக்குற எடத்துல. அவுக அந்தா, ஜன்னலோரம், எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, திருஇருதய ஆண்டவர் படத்தைப் பாத்த மாதிரி. மாசத்துக்கு ஒரு மோடு. மே மாசம் ஒண்ணாங் கட்டை. ஜூன் ரெண்டு. வலது கையில ஒரு விரல் கட்டையில, இடது கை காத்தடிக்கும், அவ்வளவுதான் என் சங்கீதம். பக்கத்து வீட்டு மெர்சி கேட்டா, தினம் கச்சேரி கேக்குதே, நீங்க என்னக்கா வாசிக்கிறீங்கன்னு. நான் பம்பு செட்டு மெர்சின்னேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும். எனக்குக் காது உண்டு. எக்ஸ்சேஞ்சுல இருபத்தாறு வருஷம் உக்காந்த காது. ரெண்டாம் மாசம் அவுக வாசிச்சது ஒரு மாதிரி சோகம், ஆனா அழுகாத சோகம். புருசன் போன அடுத்த வாரமே வேலைக்கு வந்து உக்காந்தவ ஒருத்தி எங்க ஆபீஸ்ல இருந்தா, அவளை மாதிரி. மூணு வந்தப்போ பெரிய வெள்ளிக்கிழமை மாதிரி வீடே கறுத்துப் போச்சு. அஞ்சு வந்தப்போ சப்பரம் வர்ற மாதிரி அவுக காலைத் தட்டித் தட்டி வாசிச்சாக, நானும் தட்டுனேன், பொய் சொல்லக் கூடாது. ஆறாவது மாசம் நான் அழுதேன். எதுக்குன்னு கேக்காதீங்க. அவுக திரும்பிப் பாக்கல. காத்து மட்டும் விட்டு விட்டு வந்ததுல தெரிஞ்சிருக்கும்.

அப்புறம் நவம்பர். ஆத்துமாக்கள் மாசம். கல்லறைக்கெல்லாம் வெள்ளையடிச்சு, மெழுகுவர்த்தி கொளுத்தி... அந்த மாசம் ஏழாங் கட்டை.

இந்தா.

கேக்குதா? பேசாதீங்க. கேளுங்க.

மணி அஞ்சு. பாத்தீங்களா, சொன்னேன்ல. பெட்டியைத் தொடாதீங்க, பூட்டியிருக்கு. ஐஸ் கம்பெனி மோட்டாரா? நீங்களும் அதையே சொல்றீங்க. என் மகளும் அதான் சொல்றா. பின்னாடி ஐஸ் கம்பெனி இருக்கு, இல்லங்கல. மோட்டார் ஓடுது, இல்லங்கல. தினம் அஞ்சுக்கு ஆரம்பிச்சு திருந்தாதி மணி அடிச்சதும் நிக்கிறதுக்கு மோட்டார் என்ன ஞானஸ்நானம் வாங்குனதா? இது ஏழாங் கட்டை தம்பி. எனக்குத் தெரியாதா? சரி, அது பாட்டுக்குக் கேக்கட்டும். நான் சொல்லி முடிக்கிறேன்.

ஏழாவது மோடு இருக்கே, அதுக்கு நிம்மதியே கிடையாது. மத்த ஆறுலயும் அழுதாலும் சிரிச்சாலும் கடைசியில வந்து உக்கார ஒரு எடம் இருக்கும். இதுல வந்து உக்காந்தா அந்த எடமே ஆடுது. பெட்டி ரிப்பேர் பண்ற கோமதிநாயகம்னு ஒருத்தர், நாடகத்துக்கெல்லாம் வாசிச்சவரு, பின்னால ஒரு நாள் கேட்டேன். அவரு சொன்னாரு, ஏழுல நின்னா பஞ்சமம், அதான் தாங்கிப் பிடிக்கிற அஞ்சாம் சுரம், வராதும்மா, அது எடத்துல மத்யமம்தான் ரெண்டா வந்து நிக்கும், எங்க ஆளுக அதை ராகம்னே சேக்க மாட்டாங்கன்னு. எனக்கு ராகம் தெரியாது. எனக்கு எப்படி இருந்துச்சுன்னா, எக்ஸ்சேஞ்சுல ராத்திரி டூட்டியில சில நம்பருக்கு ரிங் போய்க்கிட்டே இருக்கும். எடுக்க ஆள் இருக்காது. போட்டவங்களும் வைக்க மாட்டாங்க. அப்படி இருந்துச்சு.

மூணு நாள் தாங்குனேன். தலை வலிச்சுது. சாப்பாடு இறங்கல. எங்க அம்மா ஞாபகம், நாலு மாசத்துல போன என் மூத்த பிள்ளை ஞாபகம், எல்லாம் அந்தச் சத்தத்துல எந்திரிச்சு வந்து நிக்குது. அவுககிட்ட, இதை விட்ருங்க, ஆறு போதும்னேன். "ஏழும் முடிக்கணும் பெலிசி"ன்னாக.

நாலாம் நாள் நான் ஒரு காரியம் பண்ணுனேன்.

ஏழாங் கட்டைக்கு அடுத்த வெள்ளைக் கட்டை எது? மறுபடியும் ஒண்ணுதான, மேல் ஒண்ணு. ஒரு விரல் தூரம். அவுக எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு வாசிச்சுக்கிட்டிருக்காக. நான் விரலை நைசா நகத்தி ஒண்ணுல வச்சுட்டேன். வச்ச உடனே தம்பி, வீட்ல விளக்கு போட்ட மாதிரி ஆயிருச்சு. அதே வாசிப்புதான், அவுக விரல் மாறவே இல்ல, ஆனா எல்லாச் சுரமும் வீட்டுக்கு வந்துருச்சு. எனக்கு மூச்சு வந்துச்சு.

அவுக ஒரு நொடி நிறுத்துனாக. அப்புறம் வாசிச்சாக. முடிச்சுட்டுத் திரும்பி, "பாத்தியா பெலிசி, ஏழாவதும் பழகப் பழக அழகாத்தான் இருக்கு"ன்னாக.

எப்படி ஏமாந்தாக பாத்தீங்களா? அவ்வளவுதான் அவுக காது. கோயில்ல ஒதுக்குனான்னு அந்தப் பையனைத் திட்டுறோம். அவன்கிட்டயும் ஏதோ நியாயம் இருந்திருக்கு, என்ன?

இருபத்தஞ்சு நாள் ஏமாத்துனேன். தினம் முதல்ல ஏழைத் தொடுவேன், அவுக ஆரம்பிச்சதும் ஒண்ணுக்குப் போயிருவேன். அவுக சந்தோசமா இருந்தாக. நானும் சந்தோசமா இருந்தேன். அந்த இருபத்தஞ்சு நாள் மாதிரி நாங்க இருந்ததே இல்ல. ஜெபம் சொல்லிட்டு காப்பியைக் குடிச்சுக்கிட்டு பேசுவோம். என்ன பேசுனோம்னு ஒண்ணுகூட ஞாபகம் இல்ல. பேசுனோம், அவ்வளவுதான்.

இருபத்தொம்பதாந் தேதி. சீலா மீன் வாங்கிட்டு வந்திருந்தாக. அடுப்புல குழம்பு கிடக்கு. அஞ்சு மணிக்குக் கூப்பிட்டாக. "ஏ பெலிசி, மாசம் முடியப் போகுது, இன்னைக்கு வந்து பிடி." நான் அடுக்களையில இருந்தே சொன்னேன், மீன் கிடக்கு, நாளைக்குப் பாத்துக்கலாம், ஒரு நாள் பிடிக்கலன்னா ஒண்ணும் குறைஞ்சு போகாதுன்னு. தனியா உக்காந்து வாசிச்சாக. கீழ கட்டையே இல்லாம. அது எந்த மோடும் இல்ல, பாத்துக்கோங்க. சும்மா ஏழு சுரம் போய்ட்டு போய்ட்டு வருது. நான் குழம்பைக் கிண்டிக்கிட்டே கேட்டேன்.

மறுநாள் காலையில முகம் கழுவப் போனவுக அப்படியே சாஞ்சுட்டாக. டாக்டர் வந்து பாக்கும்போது கை ஜில்லுன்னு இருந்துச்சு.

அழுகல தம்பி. புகை. காப்பி அடுப்புல கிடக்கு.

முப்பதாம் நாள் பூசை முடிஞ்ச அன்னைக்குச் சாயங்காலம்தான் முதல்ல கேட்டுச்சு, இந்தச் சத்தம். பெட்டியைத் திறந்து பாத்தேன். மூடிப் பூட்டுனேன். பூட்டியும் கேட்டுச்சு. கோமதிநாயகத்தைக் கூப்பிட்டுப் பிரிச்சுப் பாக்கச் சொன்னேன், எங்கயும் காத்து ஒழுகல. சாமிகிட்ட போய்ச் சொன்னேன். பங்குச் சாமி நல்லவரு. வரிசையா முப்பது பூசை வச்சோம் அவுக ஆத்துமத்துக்கு. முப்பதாவது பூசை அன்னைக்கும் அஞ்சு மணிக்கு வந்துருச்சு.

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. ஆறு முடிச்சுட்டாக. ஏழு முடிக்கல. முடிச்சேன்னு நெனச்சது பொய், அந்தப் பொய் என் விரல்ல இருந்தது. பாதியில நிக்கிற ஆத்துமா உத்தரிக்கிற ஸ்தலத்துல, மோட்சத்துக்குப் போகாம, எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்? விட்ட எடத்தைத்தான். ஏழைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாக. யாராவது அந்த ஏழாவதை ஒழுங்கா, முழுசா, நடுவுல ஏமாத்தாம வாசிச்சு முடிச்சாத்தான் அவுக போக முடியும். எனக்கும் இந்த வீட்ல நிம்மதியா ஒரு சாயங்காலம் கிடைக்கும்.

அதான் கத்துக்கிட்டேன். அவுக நோட்டுப் புத்தகத்தை வச்சுக்கிட்டு, அந்தத் தாடிக்காரனைப் போன்ல போட்டுக்கிட்டு. ஒரு வருஷம் ஆச்சு. ரெத்தம் வந்துச்சு விரல்ல. எனக்கு ஒரு பாட்டு தெரியாது, ஒரு கார்டு தெரியாது. ஏழு மோடு தெரியும். உலகத்துலயே இப்படி ஒருத்தி கிட்டார் கத்துக்கிட்டிருக்க மாட்டா.

ஆனா நான் கிட்டாரைப் பிடிச்சா கட்டையை யாரு பிடிக்கிறது? போன்ல அந்தச் சத்தம் இருக்கு, தெரியும். போட்டுப் பாத்தேன். மூச்சே இல்லாம ஒலிக்குது. அதுல ஒண்ணும் வரல. மெர்சியக் கேட்டேன், அவ சிலுவை போட்டுக்கிட்டு ஓடிட்டா. அப்பத்தான் லிவியா விளம்பரம் போட்டா. ஆள் வர ஆரம்பிச்சாங்க. வாசிச்சுக் காட்டுறேன், நீங்க இந்தக் கட்டையைக் கொஞ்சம் பிடிங்கன்னு சொல்லுவேன். மொத வந்தவரு கை வலிக்குதுன்னுட்டாரு. ரெண்டாவது ஒரு காலேஜ் பொண்ணு, நல்லாத்தான் பிடிச்சா, பாதியில அழுதுட்டா. மூணாவது ஆளு போன் வந்துருச்சுன்னு வெளிய போனவரு அப்படியே போயிட்டாரு. நாலாவதைப் பத்திப் பேச வேண்டாம்.

அதான் உங்ககிட்ட முன்னாடியே எல்லாம் சொல்லிட்டேன். மணி என்ன? அஞ்சரையா? பத்து நிமிசம்தான் தம்பி. கிட்டார் சத்தம் எப்படின்னு நீங்களும் கேட்ட மாதிரி இருக்கும். உங்க பேரைச் சொல்லி மெழுகுவர்த்தி கொளுத்துறேன்.

திறந்தாச்சு. வலது கையைக் குடுங்க. இதுதான் ஏழாவது வெள்ளை. அமுக்குங்க. இடது கையால பின்னாடி பலகையை மெதுவா, குழந்தையைத் தட்டுற மாதிரி. ஆ, அப்படித்தான். நான் அவுக எடத்துல உக்காந்துக்கிறேன். முதுகைக் காட்டுறேன்னு தப்பா நெனைக்காதீங்க. நான் நிறுத்துற வரைக்கும் விரலை எடுக்கக் கூடாது. எது ஞாபகம் வந்தாலும் வரட்டும். எடுக்கக் கூடாது.

சேசுவே.

...

அவ்வளவுதான் தம்பி. முடிஞ்சுது. கையை எடுத்துக்கோங்க.

வேர்த்துருச்சு உங்களுக்கு. இந்தாங்க துண்டு. கடைசி வரைக்கும் ஏழைத்தான பிடிச்சீங்க? ஆமா. ஏழைத்தான் பிடிச்சீங்க. நல்லாப் பிடிச்சீங்க. பழகப் பழக அழகாத்தான் இருக்கு.

இருங்க, போயிராதீங்க. ஒண்ணு காட்டணும். இதான் அவுக நோட்டு. ஒவ்வொரு மோடுக்கும் ஒரு பக்கம். கணக்கெழுதுற கையெழுத்து, பாருங்க. "ரெண்டு: பெலிசி கோவமாப் பிடிச்சா. நல்லா இருந்துச்சு." "ஆறு: அழுதா. கேக்கல." மோடைப் பத்தி என்ன எழுதியிருக்காக? ஒண்ணும் இல்ல. பூராவும் என் கதைதான். இதை இத்தனை நாள் நான் யாருக்கும் காட்டல. ஏழாவது பக்கத்தை நீங்களே படிங்க. கண்ணாடி போடாம எனக்குத் தெரியாது.

சத்தமாப் படிங்க.

"ஏழு: பெலிசி ஒண்ணாங் கட்டைக்கு மாத்திட்டா. ஆண்டவர் படக் கண்ணாடியில அவ விரல் தெரியுது. அவளால தாங்க முடியல. சொல்ல வேண்டாம்."

பாத்தீங்களா? இருபத்தஞ்சு நாள்! தெரிஞ்சுக்கிட்டே ஒண்ணும் தெரியாத மாதிரி என்னை ஏமாத்தியிருக்காக. பழகப் பழக அழகா இருக்காம்ல. எவ்வளவு பெரிய பொய்க்காரர்கூட முப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன் பாருங்க. இதைப் படிச்சுட்டு எனக்கு வந்த கோவம் இன்னும் ஆறல.

ஏன் தம்பி தலையைக் குனியுறீங்க? படத்தைப் பாத்துட்டீங்களா? ஆமா, இங்க உக்காந்தா பெட்டி பூராவும் தெரியும் அந்தக் கண்ணாடியில. உங்க விரலும் தெரிஞ்சுது. பாதியில நகந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லலியே. எனக்கு மூச்சு முட்டிக்கிட்டு வந்துச்சு, அப்ப நீங்க ஒண்ணுக்குப் போனீங்க. யாரோ வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்த மாதிரி இருந்துச்சு எனக்கு. என் பிள்ளை வயசுல ஒரு மனுசன், பேருகூட சரியாத் தெரியாது, எனக்காக... நான் தடுக்கல தம்பி. தடுக்க மனசு வரல. அவுகளுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் போல. இத்தனை நாள் அவுக என்னை ஏமாத்துனாகன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.

ஏழாவது முடியல. இன்னைக்கும் முடியல. சரி.

திருந்தாதி மணி. எந்திரிச்சு நில்லுங்க.

...

ஆமென்.

தம்பி.

மணி அடிச்சு நின்னுருச்சுல்ல? தினம் இதோட அதுவும் நின்னுரும். நிக்கலையே. கேளுங்க. பெட்டியை நீங்கதான் மூடுனீங்க, கை உங்க மடியில இருக்கு. நல்லாக் கேளுங்க. இது ஏழு இல்ல. மேல ஏறியிருக்கு, ஒரு விரல் தூரம்.

ஒண்ணு.

மோட்டார் சுரம் மாத்துமா தம்பி? சொல்லுங்க. உங்களுக்குக் கேக்கலையா? பரவாயில்ல. எனக்குக் கேக்குது. அவுக போகல. வீட்டுக்கு வந்துட்டாக.

கிட்டார் குடுக்குறதா இல்ல. கோவிச்சுக்காதீங்க, இவ்வளவு தூரம் வந்துட்டு. மக்ரூனைப் பொட்டலமாக் கட்டித் தர்றேன், வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. லிவியாவுக்கு நான் சொல்லிக்கிறேன். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு, மெதுவாப் போங்க. போகும்போது அந்தக் கதவை நல்லாச் சாத்திட்டுப் போங்க தம்பி. கடல் காத்து வந்தா சத்தம் கலைஞ்சுரும்.